கட்டிலுக்கு எத்தனை விலை?

பொன்னின் விலையைக் கேட்டால் ஊரெங்கும் ஏறக்குறைய ஒரே விடை கிடைக்கும். காலைச் செய்தித்தாளைப் பிரித்தாலே அன்றைய பவுன் விலை தெரிந்துவிடுகிறது. நிலத்துக்கும் அரசாங்கம் குறித்து வைத்த மதிப்பு ஒன்று பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. ஆனால் கூடத்து மூலையில் ஐம்பது ஆண்டுகளாகக் கிடக்கும் ஒரு தேக்குக் கட்டிலுக்கு என்ன விலை? ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து விடை வரும். அந்த ஐந்துமே சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் இதில் வியப்பு.

காயலான் கடைக்காரர் சொல்வது விறகும் இரும்பும் பெறும் விலை. பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் வியாபாரி நம்மிடம் சொல்வது வாங்கும் விலை. அதே கட்டிலை மெருகேற்றித் தம் கடையில் நிறுத்திவிட்டுச் சொல்வது விற்கும் விலை. ஏலத்தில் விழுவது இன்னொன்று. ஆசாரியைக் கூப்பிட்டு, "இதே மரத்தில், இதே கடைசலில் புதிதாகச் செய்து தர என்ன ஆகும்?" என்று கேட்டால் அவர் சொல்வது ஐந்தாவது. ஆகவே "என்ன விலை?" என்ற கேள்விக்கு முன்னால் "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்றொரு கேள்வி நிற்கிறது. வரிக்காகவா, வழக்குக்காகவா, பாகம் பிரிக்கவா, காப்பீட்டுக்காகவா? தேர்ந்த மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது இதைத்தான். இதைக் கேட்காமல் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவரை மதிப்பீட்டாளர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தாவரவியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். என் ஊர் சத்தியவேடு. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் வரும் எல்லையோரத்து ஊர். செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த எங்கள் பகுதி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. திருத்தணி அதே நாளில் இந்தப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உண்டானபோது நாங்கள் அதற்குள் போனோம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, படிப்புக்காக வந்திருக்கும் தில்லியில் இந்தி என்று என் நாட்கள் ஓடுகின்றன. சென்ற ஆண்டு தாத்தா காலமானார். நிலத்தையும் வீட்டையும் பெரியப்பாவும் அப்பாவும் அத்தையும் ஒரே மாதத்தில் பேசி முடித்துவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களுக்குத்தான் நான்கு மாதம் பிடித்தது.

காரணம் எளியது. பெரியப்பா சென்னையில் இருப்பவர். அவருக்குச் சாமான் வேண்டாம், பணம் வேண்டும். ஆகவே மதிப்பு உயர்ந்திருப்பது அவருக்கு நல்லது. அப்பா அந்த வீட்டிலேயே இருக்கப் போகிறவர். சாமான்களை வைத்துக்கொண்டு பங்குக்குப் பணம் தரவேண்டியவர். மதிப்பு குறைந்திருப்பது அவருக்கு நல்லது. இருவரும் நாணயமானவர்களே. ஆனாலும் பெரியப்பா கடையில் விற்கும் விலையைச் சொன்னார், அப்பா வியாபாரி வாங்கும் விலையைச் சொன்னார். இருவரும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டு, ஒரே கேள்வியைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டார்கள். இடையில் நின்றவர் அத்தை. கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். தம் சீர்வரிசையாக 1974-இல் கொண்டு போன கட்டில், பீரோ, ஊஞ்சல் பலகை மூன்றையும் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து அதே கூடத்தில் போட்டிருந்தார். பெரியப்பா எழுதிய பட்டியலில் இந்த மூன்றும் தாத்தாவின் சொத்தாகச் சேர்ந்துவிட்டன. இத்தனை ஆண்டு ஒரே கூடத்தில் கிடந்தவற்றில் எது யாருடையது என்று அவருக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை.

முதலில் வரியைப் பார்த்துவிடுவோம். அது பலர் அஞ்சுவதைப் போன்ற பூதம் அன்று.

ஒரு காலத்தில் இந்நாட்டில் இறந்தவரின் சொத்தின்மேல் வரி இருந்தது. 1953-இல் வந்த எஸ்டேட் டியூட்டி சட்டம் அது. 1985 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின் இந்தியாவில் வாரிசு வரி என்பதே கிடையாது. ஆகவே தாத்தாவின் சாமான்களுக்கு மதிப்பு எழுதி வரி அலுவலகத்துக்குக் கொடுக்கவேண்டிய தேவை எங்களுக்கு ஏற்படவில்லை. 1957-ஆம் ஆண்டுச் செல்வ வரியும் அப்படியே. 2015-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தோடு அது ஓய்ந்தது. அது நடப்பில் இருந்தபோதும் வீட்டு உபயோகத்துக்கான மரச்சாமான்களுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது.

வருமான வரியிலும் இதே மனப்பான்மையைக் காணலாம். தாமும் தம்மைச் சார்ந்த குடும்பத்தாரும் பயன்படுத்தும் மேசை நாற்காலிகள் 'சொந்த உபயோகப் பொருள்கள்'. அவற்றை விற்று இலாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. நட்டம் வந்தால் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒன்று, கலைப்பொருள். ஓவியம், சிற்பம், வேறெந்தக் கலைப்படைப்பு ஆனாலும் அது சொந்த உபயோகப் பொருள் என்ற விலக்குக்குள் வராது. தஞ்சாவூர் ஓவியம் பதித்த பழைய பேழை ஒன்று பெட்டியா, கலைப்படைப்பா என்ற கேள்வி எழுந்தால் அங்கே மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவைப்படும். மற்றது, மணிகள். விலையுயர்ந்த கற்கள் மரச்சாமானில் பதித்திருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவை நகை! கட்டிலில் வைரம் பதித்துத் தூங்குகிறவர் நம் மன்றத்தில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. எனினும் சட்டம் எழுதியவர்கள் அப்படி ஒருவரை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட பொருளை விற்கும்போது வாங்கின விலை தெரியவேண்டும். தாத்தாவிடமிருந்து வந்ததென்றால் தாத்தா வாங்கிய விலைதான் நம் அடக்க விலை. 2001 ஏப்ரல் முதல் நாளுக்கு முன்பே குடும்பத்துக்கு வந்திருந்தால், அந்த நாளில் அது சந்தையில் என்ன பெற்றிருக்கும் என்ற மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே மதிப்பீட்டாளரிடம் போகிறவர் "இன்றைய விலை" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மதிப்பு என்பது ஒரு நாளோடு கட்டப்பட்டது. தேதியில்லாத மதிப்பு அறிக்கையை வெற்றுத்தாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தொழிலில் இருக்கும் மரச்சாமான்களின் கதை வேறு. அப்பா நடத்தும் சிறு உணவு விடுதியில் மேசை நாற்காலிகளுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தேய்மானம் கழிக்கிறார் கணக்கர். மீதியின்மேல் மீண்டும் 10 விழுக்காடு. 40,000 ரூபாய்க்கு வாங்கியவை முதலாண்டு முடிவில் 36,000. அடுத்த ஆண்டு 32,400. பத்தாண்டு முடிவில் 13,947. இந்த எண் வரிக் கணக்குக்காகவே பிறந்தது. சந்தைக்கும் அதற்கும் உறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி அதற்குள் உடைந்து போயிருக்கும். நல்ல தேக்கு மேசை வாங்கின விலையைத் தாண்டியிருக்கும். ஏட்டு மதிப்பைக் கொண்டுவந்து பாகப் பேச்சில் நீட்டுகிறவர்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

மதிப்பைத் தவறாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று தில்லியிலிருந்து ஒரு காலைப் பொழுதுப் பயணத்தில் இருக்கிறது. சண்டிகர் நகரம் எழுந்த 1950-களிலும் 1960-களிலும் லெ கொர்புசியேயின் உறவினரும் துணைவருமான பியேர் ஜான்னரே என்ற கட்டடக் கலைஞர், அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி மேசைகளை வடிவமைத்தார். பிற்காலத்தில் அவை பழசாகிவிட்டன என்று ஒதுக்கப்பட்டு, கழிவுச் சாமான்களாக ஏலத்தில் போயின. வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் பழுது பார்த்துப் பாரிசிலும் நியூயார்க்கிலும் இலட்சக் கணக்கில் விற்றார்கள். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கக் கூடாதென்று ஆணையிட்டது. நகர நிர்வாகத்தின் குழு 12,793 பொருள்களைப் பாரம்பரியச் சாமான்கள் எனக் கணக்கெடுத்தது. ஏலம் போட்ட அதிகாரிகள் விலையைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. உடைந்த நாற்காலிக்கு உடைந்த நாற்காலியின் விலையைப் போட்டார்கள். செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்று கேட்பது அவர்கள் படிவத்தில் இல்லை. ஏற்றுமதியைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் கைகொடுக்கவில்லை. அது கேட்பது நூறு ஆண்டு வயது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். மரச்சாமானின் மதிப்பில் பெரும்பங்கு மரத்தின் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரில்தான் மிகுதியான பொய்யும் இருக்கிறது. "அசல் பர்மாத் தேக்கு" என்ற சொல்லைக் கேளாத வீடு உண்டா? பர்மாத் தேக்கும் மலையாளத்துத் தேக்கும் ஒரே சிற்றினம், டெக்டோனா கிராண்டிஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சை வைத்துப் பார்த்தால் இது தேக்கு என்று சொல்லலாம்: ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும், பதப்படுத்திய தோலைப் போன்ற மணமும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். ஆனால் எந்த நாட்டில் வளர்ந்தது என்று அந்த லென்சு சொல்லாது. ஈட்டி மரத்தில் துளைகள் வளையமாக நில்லாமல் பரவிக் கிடக்கும். கருஞ்சிவப்பும் கறுப்புமாக வரி ஓடும். தேக்கை விட நல்ல கனம். தாத்தாவின் அலமாரி ஈட்டி என்று குடும்பத்தார் அனைவரும் நம்பியிருந்தார்கள். நான் பார்த்தபோது கதவுகள் மட்டுமே ஈட்டி. பக்கப் பலகைகளும் பின்பலகையும் கறுப்புச் சாயம் பூசிய வேறு மரம். இதனால் பெரியப்பா சொன்ன மதிப்பு பாதிக்கு மேல் இறங்கியது. அவர் வருந்தவில்லை, "அப்பா ஏமாந்திருக்கிறாரே" என்று தாத்தாவுக்காகத்தான் வருந்தினார்.

வயதை அறியவும் வழிகள் உண்டு. இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். கைவாள் அறுத்த தடம் நேர்கோடாகவும் வட்டவாள் அறுத்த தடம் வளைவாகவும் தெரியும். மெருகு ஏறாத அடிப்பக்கம் பொய் சொல்வது அரிது. கரிமம்-14 கொண்டு காலம் கணிக்கலாமே என்று இயற்பியல் நண்பர் ஒருவர் கேட்டார். 1950-களின் நடுவிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலிருந்த கரிமம்-14-ஐ ஏறக்குறைய இருமடங்காக்கியதால், ஒரு மரம் அதற்கு முன் வளர்ந்ததா பின் வளர்ந்ததா என்று பிரிக்க முடியும் என்பது உண்மைதான். சோதனைச் செலவில் நாலைந்து கட்டில்கள் வாங்கிவிடலாம் என்பதும் உண்மை.

எங்கள் மாவட்டத்தார் கவனிக்க வேண்டியது செம்மரம். சித்தூர், கடப்பை மலைகளையும் அவற்றை அடுத்த காடுகளையும் விட்டால் உலகில் இயற்கையாக அது வளரும் இடம் அரிது. நீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். 1995 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுப் பழஞ்சாமானில் செம்மரம் இருந்தால், எங்கிருந்து வந்தது என்று காட்டும் சீட்டில்லாமல் மதிப்பு பேசுவதும் வண்டியில் ஏற்றுவதும் வம்பை விலைக்கு வாங்குவதாகும். வெளிநாட்டுக்குக் குடிபெயரும் நண்பர்கள் ஈட்டிச் சாமானையும் நினைவில் கொள்க; 2017 தொடக்கத்திலிருந்து அந்த மரக்குலம் முழுவதும் அதே பட்டியலில் உள்ளது.

வரி பெரும்பாலும் கேளாத கேள்வியைச் சட்டம் பல இடங்களில் கேட்கிறது. கடன் வழக்கில் தோற்றவரின் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யும்போது எல்லாவற்றையும் அள்ளிவிட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றைக் கடனாளிக்கும் மனைவி மக்களுக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது. ஆசாரியின் உளியும் இழைப்புளியும் கூட அவ்விதமே. நாற்காலியும் பீரோவும் போகலாம். படுக்க வேண்டிய கட்டில் போகாது. இந்த ஒரு வரி தெரியாமல் கட்டிலைப் பறிகொடுத்துத் தரையில் படுத்த ஏழைகள் எத்தனை பேரோ!

பாக வழக்கு நீதிமன்றம் சென்றால் கமிஷனர் ஒருவரை அனுப்பிச் சாமான்களைக் கணக்கெடுத்து மதிப்பறியச் செய்யலாம். அங்கே முதலில் வேண்டுவது எண்ணிக்கை; அதைவிட வேண்டுவது வருணனை. போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவில்லமாக்க 2020-இல் தமிழக அரசு எடுத்தபோது வெளியான பட்டியலில் அறைகலன்கள் 556 என்று செய்தித்தாள்கள் எழுதின. 2021 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நடவடிக்கையை நீக்கியது. வீடு வாரிசுகளிடம் போயிற்று. 556 என்ற எண், ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்க உதவும். நல்ல நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒடிந்த நாற்காலியை வைத்துவிட்டால் அந்த எண் வாய் திறக்காது. ஆகவே பட்டியல் எழுதுகிறவர்கள் நீள அகல உயரம், மரம், கைப்பிடி, பழுது, நாற்புறப் புகைப்படம் இத்தனையும் சேர்க்க வேண்டும். இதற்கு மதிப்பீட்டாளர் தேவையில்லை. அளவுநாடாவும் பொறுமையும் போதும்.

அத்தையின் காரியம் இங்கேதான் வருகிறது. மகளுக்குச் சொத்தில் பங்கு என்பதில் ஆந்திரம் தமிழகத்தை முந்திக்கொண்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மணமாகாத மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தம் அங்கே 1985 செப்டம்பரிலிருந்தும் தமிழகத்தில் 1989 மார்ச்சிலிருந்தும் நடப்புக்கு வந்தது. மணமான மகளிருக்கும் 2005-இல் மத்தியச் சட்டம் அதைத் தந்தது. ஆகவே அத்தைக்குப் பங்கு உண்டா என்ற பேச்சே எழவில்லை. ஆனால் சீதனமாக வந்தது பங்குப் பொருளே அன்று. அது முழுவதும் அவருடையது. 1985-இல் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சீதனத்தின்மேல் பெண்ணுக்குள்ள தனியுரிமையை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் நடப்புக்கு வந்த மத்திய விதிகள், மணமக்களுக்கு வரும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதவேண்டும் என்கின்றன: பொருளின் சிறு வருணனை, ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, இருவர் கையொப்பம். கட்டில், மெத்தை, பீரோ இன்றித் திருமணம் நடவாத நம் நாட்டில், மரச்சாமானுக்கு மதிப்பு எழுதும்படி சட்டமே சொல்லும் நேரம் திருமண நேரம்தான். அதை எழுதி வைக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த விதி வருவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தாத்தா எழுதியிருந்தார். கணக்குப் பிள்ளையின் சுபாவம் அவருக்கு. நீளக் காகிதத்தில் மூன்று பொருளுக்கும் செய்த ஆசாரியின் கூலி, மரத்தின் விலை, மொத்தம் எல்லாம் இருந்தன. அதைப் பார்த்ததும் பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் மூன்று வரிகளையும் தம் பட்டியலிலிருந்து அடித்தார்.

மீதிச் சாமான்களுக்கு மதிப்பீட்டாளரை அழைத்தோம். இவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் நிலமும் கட்டடமும், இயந்திரமும் தளவாடமும், பங்குகளும் நிதிச் சொத்துக்களும் என மூன்று வகையினர். மரச்சாமானுக்கென்று தனி வகை இல்லை. அலுவலகத் தளவாடங்களைப் பெரும்பாலும் இரண்டாம் வகையார் பார்க்கிறார்கள். பழம்பொருள், கலைப்பொருள் என்றால் அத்துறை அறிந்தவரைத் தேட வேண்டும். அறிக்கையில் நோக்கம், தேதி, எந்தச் சந்தை, எந்த ஒப்பீடு, நேரில் பார்த்த நாள், பெயர், தகுதி எல்லாம் இருக்கட்டும். காரணம் சொல்லாத வல்லுநர் கருத்துக்கு நீதிமன்றத்தில் எடை குறைவு.

கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேற்பட்ட பொருளை அறநிலையத்துக்குக் கொடுத்து வரிச் சலுகை கேட்கிறவர் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்க வேண்டும். அவருடைய கட்டணம் மதிப்பின் விகிதமாக இருக்கக் கூடாது. மதிப்பு ஏற ஏறக் கூலி ஏறினால் எந்தக் கை எப்பக்கம் சாயும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பழைய செல்வ வரி விதிகளிலோ கட்டணத்தின் உச்சவரம்பே மதிப்பின் விகிதத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அமெரிக்க முறையே நேர்மையாகப் படுகிறது. சாமானைத் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் வியாபாரி இலவசமாக மதிப்புச் சொன்னால் அதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

எங்களுக்கு வந்தவர் நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டார். இரண்டு மதிப்புகளை எழுதிக் கொடுத்தார்: உடனே விற்றால் கைக்கு வருவது, அதே நிலையில் வெளியே வாங்கினால் ஆவது. யாருக்கும் விற்கப் போவதில்லை, அப்பா பயன்படுத்தப் போகிறார். ஆகவே இரண்டின் நடுவே ஓர் இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கொன்றாய் நினைவுக்கு எடுத்துக்கொண்ட சிறு பொருள்களுக்கு மதிப்பே போடவில்லை. சாய்வு நாற்காலியைப் பெரியப்பா எடுத்தார்.

நிலமும் அடங்கியிருந்ததால் பாகப்பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, எழுதியது தெலுங்கில். அத்தையின் தனிப்பொருள்கள் பாகத்தில் சேரா என்று ஒரு பிரிவு வைத்து, தாத்தாவின் தமிழ்ப் பட்டியலைப் பெயர்த்தார்கள். ஊஞ்சல் பலகை என்பதற்குப் பத்திர எழுத்தர் 'பல்ல' என்று மட்டும் எழுதிவிட்டார். தெலுங்கில் பல்ல என்றால் பலகையும் ஆகும், மேசையும் ஆகும். கூடத்திலோ தாத்தாவின் மேசை வேறு ஒன்று கிடக்கிறது. அத்தை தெலுங்கு வாசிக்கத் தெரிந்தவர். பத்திரத்தைக் கையில் வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியில் விரலை வைத்தார். 'உய்யால பல்ல, ஆறடிக்கு இரண்டடி, நான்கு இரும்புச் சங்கிலிகளுடன்' என்று திருத்தி எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.